இருமலுக்குச் சீன மருந்து: உள்ளே என்ன, சான்று எவ்வளவு?

மருந்தாளர் பதில்கள்

வீட்டில் வைத்திருக்கும் சீன இருமல் மருந்துகளைப் பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். ஈப்போ, தைப்பிங், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். சீன வைத்தியம் படித்தவள் அல்ல. மருந்து எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அதனிடம் நான் கேட்பது இரண்டே கேள்விகள்: உள்ளே என்ன இருக்கிறது? நியாயமாகச் சோதித்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது?

கேள்வி: அம்மா, எங்கள் வீட்டில் இருமல் என்றால் பெய் பா கோதான். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி என் மாமியாருக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம். ஒரு கரண்டி விழுங்கினால் தொண்டை அரிப்பு அடங்கிவிடுகிறது. மருத்துவம் படிக்கும் என் மகனோ, "அது வெறும் சர்க்கரைப் பாகு" என்று சண்டைக்கு வருகிறான். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, ஈப்போ

பதில்: அரிப்பு அடங்குகிறது என்று நீங்கள் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். எதனால் அடங்குகிறது என்பதில்தான் பேச்சு.

இந்த மருந்தைப் பற்றி ஒரு கதை உண்டு. சிங் அரச காலத்தில் யாங் ஜின் என்ற மாவட்ட அதிகாரியின் தாயாருக்குத் தீராத இருமல் இருந்ததாம். அந்தக் காலத்துப் பெரிய வைத்தியர் யே தியான்ஷி எழுதிக் கொடுத்த பாகு அதைத் தீர்த்ததாம். யே தியான்ஷி 1667 முதல் 1746 வரை வாழ்ந்த உண்மையான மனிதர், சூச்சோ நகரத்துக்காரர். தாயாரின் கதை வழிவழியாகச் சொல்லப்படுவது. நாம் கடையில் பார்க்கும் பெய் பா கோவைத் தயாரிக்கும் நின் ஜியோம் நிறுவனம் 1946இல் ஹாங்காங்கில் தொடங்கியது.

பாட்டிலின் பின்புறச் சீட்டை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். லொக்வாட் மரத்தின் இலை, சுவான் பெய் என்ற மலைச்செடியின் கிழங்கு, பொமலோ தோல், பிளாட்டிகோடான் வேர், கசப்பு ஆப்ரிகாட் பருப்பு, இஞ்சி, அதிமதுரம் என்று பட்டியல் நீளும். இவற்றைத் தாங்கி நிற்பவை தேனும் சர்க்கரைப் பாகும். கூடவே மென்தால். கரண்டியில் ஊற்றினால் கறுப்பாக, இழுத்தால் நூல் விடும் பதத்தில் மெதுவாக இறங்கும். நாக்கில் முதலில் இனிப்பு, பிறகு தொண்டையில் ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி மென்தாலுடையது. தொண்டையைப் பூசிக்கொண்டு நிற்கும் வழவழப்பு தேனுடையதும் பாகுடையதும்.

இந்தக் கூட்டத்தில் இருமலுக்கு நல்ல சான்று உள்ளது யாருக்கு என்றால், மலைக்கிழங்குக்கு அல்ல, தேனுக்கு. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2018இல் குழந்தைகளின் இருமலுக்குத் தேன் கொடுத்த 6 சோதனைகளை, மொத்தம் 899 குழந்தைகள், ஒன்றாக வைத்து ஆராய்ந்தது. ஒன்றுமே கொடுக்காததை விடவும், மருந்தில்லாத வெறும் பாகைக் கொடுத்ததை விடவும் தேன் இருமலைக் குறைத்திருக்கலாம் என்று கண்டது. 2020இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்கள். மகனிடம் சொல்லுங்கள்: இனிப்புப் பாகு என்பது வசைச்சொல் அல்ல. தொண்டையைப் பூசும் இனிப்பு இருமும் உந்துதலைத் தணிக்கும். அதற்காகவே அது அங்கே இருக்கிறது.

மற்ற மூலிகைகள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எலியிலும் கினிப்பன்றியிலும் அவற்றில் சில இருமலைக் குறைத்திருக்கின்றன. ஆனால் மனிதர்களிடம் அதைக் காட்ட வேண்டுமென்றால், மூலிகை உள்ள பாகையும், மூலிகை இல்லாமல் அதே நிறம், அதே இனிப்பு, அதே குளிர்ச்சி உள்ள பாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும். திடீர் மூச்சுக்குழாய் அழற்சிக்குக் கொடுக்கப்படும் சீன மூலிகைகளைப் பற்றி காக்ரேன் 2012இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றை வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவுக்குத் தரமான தரவு இல்லை என்றே முடித்தது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். சளியோடு வரும் இருமல் எவ்வளவு நாள் இருக்கும் என்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மக்களைக் கேட்டபோது 7 முதல் 9 நாள் என்றார்கள். ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது உண்மையான சராசரி 17.8 நாள். இது 2013இல் வெளிவந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பத்தாம் நாள் ஒரு மருந்தைத் தொடங்குகிறோம். பதினாறாம் நாள் இருமல் நிற்கிறது. பெயர் மருந்துக்குப் போகிறது. கிளினிக்கில் வாங்கிய மருந்துக்கும் இதே கணக்குத்தான்.

உங்களுக்கு நீரிழிவு இல்லையென்றால் படுக்கப் போகும் முன் அந்தக் கரண்டியைத் தாராளமாகக் குடியுங்கள். நீரிழிவு இருந்தால், ஒரு நாளைக்கு மூன்று பெரிய கரண்டி என்பது நிறையச் சர்க்கரை என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: கடையில் அசல் சுவான் பெய் என்று ஒரு கைப்பிடிக்கு மிகப் பெரிய விலை சொல்கிறார்கள். பேரிக்காயைக் குடைந்து, அதற்குள் இந்தப் பொடியும் கற்கண்டும் வைத்து ஆவியில் வேகவைத்துக் கொடுத்தால் பழைய இருமலும் போகும் என்கிறார் என் சீனத் தோழி. வாங்கலாமா?
— ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பேரிக்காயை வாங்குங்கள். சுவான் பெய்யை விட்டுவிடுங்கள்.

ஜார்ஜ்டவுன் கேம்பல் வீதியில் எனக்குத் தெரிந்த ஒரு மருந்துக் கடைப் பெரியவர், நல்ல சரக்கு எப்படியிருக்கும் என்று எனக்குக் காட்டினார். இளஞ்சிவப்புத் தாளில் கொட்டினார். முத்துக் கொட்டை அளவுதான், பால் வெள்ளை. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு இதழ்கள். பெரிய இதழ் சின்ன இதழைப் பிறை வடிவில் அணைத்துக்கொண்டிருக்கும். அப்படி அணைத்திருப்பதுதான் உயர்ந்த ரகத்தின் அடையாளம். சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் வயலில் பயிராகும் இன்னொரு வகை உண்டு. அது பெரியது, மலிவானது. அதையும் பிற வகைகளையும் அசலோடு கலந்து விற்பது பழைய தொல்லை.

இவ்வளவு விலை ஏன்? இந்தச் செடிகள் திபெத்தியப் பீடபூமியின் விளிம்பிலும் சிச்சுவான், யுன்னான் மலைகளிலும் மிக உயரமான இடங்களில் வளர்பவை. அந்த இனத்தில் ஒன்று ஃப்ரிட்டிலாரியா டெலவாயி. அது முதல் பூ விடவே ஐந்து ஆண்டுகள் ஆகும். ஒரு கிலோ சேர்க்க 3,500க்கும் மேற்பட்ட செடிகளைப் பிடுங்க வேண்டும். குன்மிங் தாவரவியல் ஆய்வகமும் பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட ஆய்வு என்னைத் தூங்கவிடவில்லை. ஆட்கள் அதிகமாகத் தோண்டும் மலைச்சரிவுகளில் இந்தச் செடியின் இலையும் பூவும் பச்சை நிறத்தை விட்டு, சுற்றியுள்ள கற்குவியலின் சாம்பல், பழுப்பு நிறத்துக்கு மாறியிருக்கின்றன. பச்சையாகப் பளிச்சென்று தெரிந்தவை எல்லாம் மனிதக் கையில் சிக்கிவிட்டன. கல்லைப் போலத் தெரிந்தவை தப்பி விதை போட்டன. மனிதனின் இருமலுக்காக ஒரு செடி தன் நிறத்தையே இழந்திருக்கிறது. உறுதியான சான்று இல்லாத ஒரு பயனுக்கு இது மிகப் பெரிய விலை. என் பணப்பையை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை.

வெந்த பேரிக்காயும் கற்கண்டுச் சாறும் சூடாக உள்ளே போனால் தொண்டைக்கு இதமாகவே இருக்கும். அதற்குள் போடச் சிலர் கசப்பு ஆப்ரிகாட் பருப்பும் வாங்குவார்கள். அதில் கவனம் வேண்டும். பாதாம்போல இருக்கும் அந்தப் பருப்பில் அமிக்டலின் இருக்கிறது, வயிற்றுக்குள் அது சயனைடாக மாறும். பச்சையாக மூன்று சின்னப் பருப்புகளுக்கு மேல் தின்றாலே பெரியவருக்குப் பாதுகாப்பான அளவு தாண்டிவிடலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது. சிறு குழந்தைக்கு ஒரு பருப்பே அதிகம். சமையலறை டப்பாவில் பாதாமோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு நெஞ்சில் சளி. பெய் பா கோ கால் கரண்டி எடுத்து வெந்நீரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார் மாமியார். "உன் கணவன் இதைக் குடித்து வளர்ந்தவன்தான்" என்கிறார்.
— ஓர் இளம் தாய், ஜொகூர் பாரு

பதில்: கொடுக்க வேண்டாம். ஒரு வயது நிறையும்வரை தேன் எந்த வடிவிலும் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் குடிக்கச் சோர்வு, தலை நிற்காமை, கடைசியில் மூச்சுத் தசைகளே தளர்ந்துபோகும். வெந்நீரில் கலப்பதால் அந்த வித்துகள் சாகாது. மென்தாலும் கைக்குழந்தைக்கு ஆகாது, மூச்சைத் திணறடிக்கக்கூடும்.

மாமியாரோடு மோத வேண்டாம். "அத்தை, தேனுக்கு டாக்டர் தடை சொல்லிவிட்டார், ஒரு வயது முடிந்ததும் உங்கள் கையாலேயே கொடுங்கள்" என்று பழியை வெளியாள்மேல் போட்டுவிடுங்கள். நான்கூட அந்த வெளியாளாக இருக்கத் தயார்.

அதுவரை அடிக்கடி பால், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, அதுவே போதும். 2014இல் அமெரிக்காவில் இரண்டு மாதம் முதல் நான்கு வயதுக்கு உட்பட்ட 119 குழந்தைகளுக்கு ஒரு சோதனை நடந்தது. இரவு இருமலுக்குச் சிலருக்கு அகாவே என்ற செடியின் இனிப்புச் சாறு, சிலருக்குத் திராட்சை மணமூட்டிய நிறத்தண்ணீர், சிலருக்கு ஒன்றுமில்லை. சாறு குடித்தவர்களும் நிறத்தண்ணீர் குடித்தவர்களும் ஒரே அளவில் தேறினார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். ஒன்றும் பெறாதவர்களைவிட இரு கூட்டமும் மேல். ஏதோ ஒன்றைக் கொடுத்தோம் என்ற நிம்மதியே பெற்றோரின் காதில் இருமலைக் குறைத்துக் கேட்கச் செய்கிறது. அந்த நிம்மதி தாய்ப்பாலிலும் கிடைக்கும்.

குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: சீன வைத்தியம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது. ஒரே இருமல் ஒருவருக்குக் குளிரால், இன்னொருவருக்குச் சூட்டால், மூன்றாமவருக்குக் கபத்தால். நம் சித்த மருத்துவம்போலத்தான். ஒரே மாத்திரையை ஆயிரம் பேருக்குக் கொடுத்து எண்ணிப் பார்க்கும் மேலை முறை இதை எப்படி அளக்க முடியும்?
— ஒரு வாசகர், தைப்பிங்

பதில்: நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்களை ஏளனம் செய்வது தவறு என்று நினைக்கிறேன். ஆனால் அளக்க முடியும் ஐயா. வைத்தியர் நாடி பார்க்கட்டும், நாக்கைப் பார்க்கட்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சீட்டு எழுதட்டும். சீட்டு உள்ளறைக்குப் போகட்டும். உள்ளறையில் இருப்பவர் குலுக்கல்படி பாதிப் பேருக்கு எழுதியபடியும், பாதிப் பேருக்கு அதே நிறம், அதே கசப்புள்ள வெற்றுத் தூளையும் பொட்டலம் கட்டட்டும். வைத்தியருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. வைத்தியரின் கணிப்பு துளியும் கெடவில்லை. பலன் மட்டும் அளக்கப்படுகிறது.

தடை, முறையில் இல்லை, செய்கிற நேர்மையில் இருக்கிறது. இதைச் சீன ஆய்வாளர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். சீன மருத்துவ இதழ்களில் "குலுக்கல் முறைச் சோதனை" என்று அச்சான ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எடுத்து, எழுதியவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் உண்மையில் எப்படிக் குலுக்கினீர்கள் என்று ஒரு குழு கேட்டது. சரியாகக் குலுக்கியவை சுமார் 7 சதவீதம்தான். 2009இல் அதை அவர்கள் வெளியிட்டார்கள். சொந்த வீட்டுக் கணக்கை இப்படித் திறந்து காட்டியவர்களுக்கு என் வணக்கம். "நூறு ஆய்வுகள் நிரூபித்துவிட்டன" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் ஏன் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை என்பதற்கு அதுவே காரணம்.

கேள்வி: எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. சீன வைத்தியர் கொடுத்த கஷாயத்தூளைக் குடித்ததும் இருமலும் இளைப்பும் சட்டென்று குறைந்தன. ஆனால் இரவெல்லாம் நெஞ்சு படபடத்தது, தூக்கம் இல்லை. சீட்டில் மா ஹுவாங் என்று இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது அடையாளமா?
— ஒரு வாசகர், ஆங் மோ கியோ, சிங்கப்பூர்

பதில்: வேலை செய்கிறது என்பது உண்மை. உங்கள் இதயத்திலும் சேர்த்து வேலை செய்கிறது என்பதுதான் கவலை. உடனே நிறுத்திவிட்டு, ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். அந்த வைத்தியரிடம் திரும்பப் போய் உங்கள் கொதிப்பு மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். பதிவு பெற்ற வைத்தியர் என்றால் சீட்டை மாற்றி எழுதுவார்.

மா ஹுவாங் என்பது எஃபெட்ரா. இலையே இல்லாததுபோல் தோன்றும், துடைப்பக் குச்சி போன்ற பச்சைத் தண்டு. சீன மூலிகைகளில் மூச்சுக்குழாய்க்குச் சான்று மிக உறுதியாக உள்ளது இதுதான். 1885இல் ஜப்பானியர் நாகாயி நாகயோஷி இதிலிருந்து எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். 1920களில் பெய்ஜிங்கில், பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில், கே. கே. சென்னும் கார்ல் ஷ்மிட்டும் அது மூச்சுக்குழாயை விரிப்பதையும் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதையும் துல்லியமாகக் காட்டினார்கள். அதற்குப் பிறகு எஃபெட்ரின் உலகம் முழுவதும் ஆஸ்துமா மருந்தாகப் போனது. மூக்கடைப்பு மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் அதன் உடன்பிறப்பு. பிறகு, இதயத்தை அவ்வளவாகத் தொடாமல் மூச்சுக்குழாயை மட்டும் விரிக்கும் சால்பியூட்டமால் போன்றவை வந்ததால் மருத்துவர்கள் இதை விட்டுவிட்டார்கள். அமெரிக்கா 2004இல் எஃபெட்ரா சேர்ந்த சத்து மாத்திரைகளைத் தடை செய்தது. அங்கே உடல் இளைக்க அதை விழுங்கியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வந்திருந்தன.

சீன வைத்தியத்தில் அதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு நெருக்கமாக மற்ற சரக்குகளோடு சேர்த்துக் கட்டுப்படுத்தியே கொடுத்திருக்கிறார்கள். எஃபெட்ரா, ஆப்ரிகாட் பருப்பு, ஜிப்சம், அதிமதுரம் என்ற நால்வர் கூட்டு ஹான் அரச காலத்து வைத்தியர் ஜாங் சோங்ஜிங் எழுதியது. இந்தக் கூட்டோடு வேறொரு பழைய கூட்டையும் சேர்த்து 2009ஆம் ஆண்டுப் பன்றிக் காய்ச்சலின்போது சீனாவில் 11 மருத்துவமனைகளில் 410 பேரிடம் சோதித்தார்கள். 2011இல் வெளியான முடிவு: மருந்தில்லாதவர்களுக்குக் காய்ச்சல் தணிய நடுவளவில் 26 மணி நேரம், ஃப்ளூ மருந்தான ஒசல்டாமிவிர் மாத்திரைக்கு 20, மூலிகைக்கு 16, இரண்டும் சேர்ந்தால் 15. இதை நான் மதிக்கிறேன். குலுக்கல் ஒழுங்காக நடந்த சோதனை. ஆனால் யார் எதைக் குடிக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அளந்ததும் காய்ச்சலைத்தான்.

கொரோனா காலத்தில் புகழ்பெற்ற லியன்ஹுவா சிங்வென் மாத்திரையிலும் எஃபெட்ரா உண்டு. 284 பேரிடம் நடந்த அதன் சோதனையில் அறிகுறிகள் 10 நாளுக்குப் பதில் 7 நாளில் தீர்ந்ததாகச் சொன்னார்கள். அங்கும் ஒப்பிடுவதற்கு வெற்று மாத்திரை வைக்கவில்லை. அது கொரோனாவைத் தடுக்கும், தீர்க்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் அப்போதே சொல்லிவிட்டது.

உங்கள் சீட்டில் இன்னொன்றையும் பாருங்கள்: அதிமதுரம். நம் வீட்டிலும் உள்ளதுதான், பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள் வாயில் அடக்கிக்கொள்வார்கள். அளவோடு என்றால் சரி. வாரக்கணக்கில் தொடர்ந்தால் உடல் உப்பைப் பிடித்துவைத்து பொட்டாசியத்தை வெளியேற்றும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத் துடிப்பு பிசகும். கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரட்டை ஆபத்து, இரண்டுமே பொட்டாசியத்தைக் கழிப்பவை.

கேள்வி: மூன்று மாதமாக வறட்டு இருமல். பெய் பா கோ, எலுமிச்சை உப்பு ஊறல், லோ ஹான் குவோ தண்ணீர், எதுவும் கேட்கவில்லை. இன்னும் வீரியமான சீன மருந்து ஏதாவது சொல்லுங்கள். கொதிப்புக்குப் பெரிண்டோபிரில் சாப்பிடுகிறேன்.
— ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் பதில் இருக்கிறது என்று சந்தேகிக்கிறேன். பெரிண்டோபிரில், எனலாபிரில், லிசினோபிரில் என்று "பிரில்" என முடியும் மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். சாப்பிடத் தொடங்கி வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட வரும். எந்தப் பாகும் அதை நிறுத்தாது. நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். கிளினிக்கில் சொல்லுங்கள், லோசார்ட்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றுவார்கள். மாற்றிய சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகலாம்.

இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதற்கும் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் நம் நாட்டில் அவசியம். காசநோய் இங்கே போய்விடவில்லை. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், சளியில் ரத்தம் இருந்தால் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் கிளம்புங்கள்.

கேள்வி: மூலிகைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே?
— பல வாசகர்கள்

பதில்: இந்த ஒரு நம்பிக்கையைத்தான் என் வேலைக்காலம் முழுவதும் எதிர்த்துப் பேசியிருக்கிறேன்.

மா தோ லிங் என்ற காய் சீனாவில் பல நூற்றாண்டுகளாக இருமலுக்கும் இளைப்புக்கும் கொடுக்கப்பட்டது. அது அரிஸ்டோலோக்கியா குடும்பத்துக் கொடியின் காய். அந்தக் குடும்பச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் அழிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகை மாத்திரையில் இந்தக் குடும்பத்துச் செடி ஒன்று தவறாகக் கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. தைவானும் சிங்கப்பூரும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தைவான் நோயாளிகளின் 98 கல்லீரல் புற்றுக்கட்டிகளைச் சோதித்தபோது 78 சதவீதத்தில் இந்த அமிலம் மரபணுவில் விட்ட தழும்பு இருந்தது. சீன அரசின் மருந்து நூலிலிருந்து மா தோ லிங் நீக்கப்பட்டது 2020 பதிப்பில்தான்.

இவ்வளவு காலம் யாருக்கும் தெரியாமல் போனது எப்படி? இருமல் இன்று நிற்கிறது, சிறுநீரகம் பல ஆண்டு கழித்துக் கெடுகிறது. இரண்டையும் எந்த வைத்தியரின் அனுபவமும் இணைத்துப் பார்க்க முடியாது. கணக்கெடுத்துத் தொடர்ந்து பார்க்கும் முறையால்தான் முடியும். சீனரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடக் கூடாது. நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே குடும்பத்துச் செடிகள்தாம். அவற்றிலும் இதே அமிலம் இருக்கிறது.

மலேசியாவில் வாங்கும்போது பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி, எண்களுக்குப் பின் டி (T) என்ற எழுத்து வரும் பதிவு எண்ணும் ஒளிரும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அது கனஉலோகமும் கலப்படமும் சோதிக்கப்பட்டதைக் காட்டும். நோய் தீரும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

கேள்வி: மைத்துனர் குவாங்சோவிலிருந்து அதிமதுர மாத்திரையும், "வீரியமான லொக்வாட் பாகு" என்று ஒரு பாட்டிலும் வாங்கி வந்தார். அபாரமாகக் கேட்கிறது. அடுத்த மாதம் போகும்போது உறவினர்களுக்கும் சேர்த்து ஒரு பெட்டி கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: இன்றே அவரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சீனாவில் விற்கும் கூட்டு அதிமதுர மாத்திரையில் அதிமதுரச் சாறும் கற்பூரமும் தக்கோல எண்ணெயும் மட்டும் இல்லை, ஒவ்வொரு மாத்திரையிலும் 4 மில்லிகிராம் அபின் தூள் இருக்கிறது. அந்த "வீரியமான" லொக்வாட் பாகு, சியாங்லி பிபா லூ, நாம் மேலே பேசிய பெய் பா கோ அல்ல. பாட்டிலில் அதே லொக்வாட் படம் இருக்கும், ஆனால் உள்ளே கசகசாச் செடியின் காய்த்தோல் சேர்த்திருக்கிறார்கள். கசகசாக் காயின் பாலைக் கீறி எடுப்பதுதான் அபின். அபின் சார்ந்தவை மூளையில் இருமும் உந்துதலையே அடக்கிவிடும், அதனால்தான் அபாரமாகக் கேட்கிறது. கூடவே மலம் கட்டும், தூக்கம் தள்ளும், நாட்பட்டால் அது இல்லாமல் இருக்க முடியாமல் போகும். வயதானவர்களுக்கும் மூச்சு நோய் உள்ளவர்களுக்கும் சளி வெளியே வராமல் தேங்கும். சிறு குழந்தைக்கு மூச்சே நின்றுபோகலாம்.

சிங்கப்பூரின் சட்டம் அபின் விஷயத்தில் எவ்வளவு கடுமையானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சீனாவில் மருந்துக் கடையில் வாங்கினேன் என்ற ரசீது சாங்கி விமான நிலையத்தில் உங்கள் மைத்துனரைக் காப்பாற்றாது. வீட்டில் மிச்சமிருப்பதை யாருக்கும் கொடுக்காமல், குப்பையிலும் போடாமல், அருகிலுள்ள மருந்தகத்தில் மருந்தாளரிடம் கொண்டுபோய், உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லி, என்ன செய்வதென்று கேளுங்கள். இவ்வளவு நாளாகத் தினமும் எடுத்துவந்தவர் யாராவது வீட்டில் இருந்தால், எத்தனை மாத்திரை, எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.